சப்சிஸ்டம் டேட்டாசெட்: பல வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மெயின்ஃபிரேமில் ஒரு ஜாபை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் மொழி ஜேசிஎல். அதில் புரோகிராமுக்கு எந்தக் கோப்பு என்று சொல்லும் டிடி வரியில் சப்சிஸ் என்றொரு பாராமீட்டர் இருப்பதே பலருக்குத் தெரியாது. டிஸ்கில் கோப்பு எதுவும் இருக்காது. புரோகிராம் தன் பாட்டுக்கு கெட் (அடுத்த ரெக்கார்டைக் கேட்கும் அழைப்பு) போடும். ரெக்கார்டை எடுத்து நீட்டுவது நாம் எழுதிய சப்சிஸ்டம். சிங்கப்பூரில் ஒரு வங்கியின் இஸட்ஓஎஸ்ஸில் (ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இயங்குதளம்) இதைப் பல வருடமாக ஓட்டுகிறோம்.

காரணம் எளிது. இரவு பேட்சில் ஓடும் கோபோல் புரோகிராம் ஒன்றின் சோர்ஸ் யாரிடமும் இல்லை, லோட் மாட்யூல்தான் (கம்பைல் ஆகி ஓடும் வடிவம்) மிச்சம். அது படிக்க வேண்டிய தரவோ இப்போது எம்கியூ என்ற செய்தி வரிசை மென்பொருளில் வருகிறது. டிடி வரியை மாற்றினோம், புரோகிராமைத் தொடவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஜாப் ஓடும் முன், ஜேசிஎல் உள்வடிவத்துக்குக் கன்வெர்ட் ஆகும்போதே ஃபங்ஷன் கோடு (எதற்காக அழைக்கிறது என்று சொல்லும் எண்) 38உடன் நம் ரொட்டீனுக்கு அழைப்பு வரும். பாராமீட்டரில் எழுத்துப்பிழை இருந்தால் அங்கேயே பிடித்துவிடுங்கள். நடுராத்திரி அபெண்டைவிட (ஜாப் பாதியில் விழுவது) ஜேசிஎல் எரர் எவ்வளவோ மேல். அலொகேஷனுக்கு (டேட்டாசெட்டை ஜாபுக்கு ஒதுக்குவது) 39, ஓப்பனுக்கு 16, குளோஸுக்கு 17. ஓப்பனின்போது ஏசிபியில் (திறந்த டேட்டாசெட்டின் விவரம் இருக்கும் கட்டுப்பாட்டு பிளாக்) நம் ரொட்டீனின் முகவரியை வைத்தால், அப்புறம் வரும் கெட்டும் புட்டும் (ரெக்கார்டை எழுதும் அழைப்பு) ஆர்பிஎல்லாக, அதாவது ஒவ்வொரு கோரிக்கையையும் விவரிக்கும் பிளாக்காக, நம்மிடம் வரும். இந்தப் பகுதி உண்மையில் சுலபம்.

தலைவலி முடிவில்தான். ஜாப் அபெண்ட் ஆனாலும் திறந்திருக்கும் டிசிபியை (புரோகிராமின் பக்கம் கோப்பைக் குறிக்கும் பிளாக்) சிஸ்டமே குளோஸ் செய்யும். நமக்கு வருவது அதே 17. குளோஸ் வந்ததே என்று எம்கியூவில் கமிட் (படித்த செய்திகளை நிரந்தரமாக எடுத்துவிடுவது) போட்டால், பாதி படித்த செய்திகள் போனது போனதுதான். மறுபடி ஓட்டினாலும் கிடைக்காது. டாஸ்க் ஒழுங்காக முடிகிறதா, விழுகிறதா என்று பார்த்துத்தான் கமிட்டா பேக்அவுட்டா (செய்திகளை வரிசைக்கே திருப்புவது) என முடிவு செய்கிறோம். டாஸ்க் முடிவுக்கு 4, அட்ரஸ் ஸ்பேஸ் முடிவுக்கு 8 என்று தனி அழைப்புகளும் உண்டு. முதல் பதிப்பை எழுதித் தந்த நிறுவனம் இந்த இரண்டையும் கண்டுகொள்ளவே இல்லை. ஜாபை கேன்சல் செய்யும் ஒவ்வொரு முறையும் எல்லா அட்ரஸ் ஸ்பேஸுக்கும் பொதுவான நினைவகமான சிஎஸ்ஏவில் கொஞ்சம் இடம் விடுபடாமல் தங்கியது.

இந்த ரொட்டீன்கள் கீ 0, சூப்பர்வைசர் ஸ்டேட்டில், அதாவது நினைவகப் பாதுகாப்பு தடுக்காத உச்ச அதிகாரத்தில், ஓடுபவை. ஒரு பாயிண்டர் தவறினால் சிஸ்டமே படுக்கலாம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, முக்கிய சிஸ்டம் ஒன்று எந்த 12 மாதத்திலும் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக் கூடாது. அதனால் எம்கியூவோடு பேசும் வேலையைத் தனி அட்ரஸ் ஸ்பேஸுக்குத் தள்ளிவிட்டோம். கீ 0வில் ஓடுவது கொஞ்சம் அசெம்ப்ளர் மட்டும். செட்எஸ்எஸ்ஐ என்ற ஆபரேட்டர் கமாண்டில், ஐபிஎல் (சிஸ்டத்தை மறுபடி பூட் செய்வது) இல்லாமலே சப்சிஸ்டத்தைச் சேர்க்கலாம், நிறுத்தலாம் என்பது பெரிய வசதி.

எக்ஸ்சிபி போட்டு சாதனத்தோடு நேரடியாகப் பேசும் புரோகிராமுக்கு இது ஆகாது. இரண்டு ஜாபுக்கு இடையே தரவு ஓடும் குழாய் போட ஐபிஎம்மின் பேட்ச்பைப்ஸ் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் இதே சப்சிஸ் வழியாகத்தான். கோபோல் சோர்ஸ் கையில் இருந்திருந்தால், அதிலேயே எம்கியூ கால் சேர்த்துவிட்டு இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.