கண்ணு உள்ள போன தம்பி, பேராதனையில பார்த்தது

இந்த தடவ லண்டன்ல இருந்து ஹட்டனுக்கு போனப்ப லீவுல முக்கால்வாசி சின்னம்மா மகனோட ஆஸ்பத்திரி அலைச்சல்லயே போச்சு. த்ரீவீல் புரண்டு கன்னத்துல அடிபட்டவன், காயமெல்லாம் ஆறிடுச்சு, ஆனா இடது கண்ணு உள்வாங்கி நிக்குது, மேல பார்த்தா ஒண்ணு ரெண்டா தெரியுதுன்னு லொறி ஓட்டுற வேலையயும் விட்டுட்டு வீட்டுல இருக்கான்.

பேராதனை பல் ஆஸ்பத்திரின்னா பல்லுக்கு மட்டும்னு தோட்டத்துல நிறைய பேர் நினைக்கிறாங்க, முகத்து எலும்பும் அங்க பாக்குறாங்க. டொக்டர் தமிழ்லயே பொறுமையா சொன்னாரு. கண்குழியோட அடித்தளம் பல இடத்துல அரை மில்லிமீட்டர் கூட தடிப்பில்லயாம், அது உடைஞ்சா கொழுப்பும் தசையும் கீழ சைனஸுக்குள்ள, அதாவது கன்னத்து எலும்புக்குள்ள இருக்குற காத்தறைக்குள்ள, இறங்கி குழி பெருசாகிடும். பெரியவங்களுக்கு மொத்த குழியே 30 மில்லிலீட்டர் கிட்டத்தான், அதுல 1 மில்லிலீட்டர் கூடினாலே கண்ணு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பின்னுக்கு போகும், 2 மில்லிமீட்டர் தாண்டினா பாக்குறவங்களுக்கே தெரிஞ்சுடும்.

கொம்பியூட்டர்ல நல்ல பக்கத்து குழிய கண்ணாடியில தெரியுற மாதிரி இடவலமா புரட்டி உடைஞ்ச பக்கத்து மேல வச்சு காட்டினாரு, தளம் எங்க இருக்கணும், இப்ப எங்க கிடக்குதுன்னு கலர்ல தெரிஞ்சுது. உடைஞ்ச தளத்த மூட அந்த அளவுக்கே டைட்டேனியம் தகடு செஞ்சு எடுக்கலாம், செலவு முடியாதுன்னா மண்டையோட்டு மாடல பிரிண்ட் பண்ணி அது மேல சாதாரண டைட்டேனியம் வலைய வளைச்சு வைக்கலாமாம். மேசையில இருந்த மாடல கையில குடுத்தாரு, சின்னம்மா அந்த ஓட்டைக்குள்ள விரல விட்டு பார்த்துட்டு பேச்சே இல்லாம இருந்தாங்க. தகடு பின்னால மிச்சமிருக்குற எலும்புத் திட்டுல சரியா உக்காரணும், இல்லன்னா கண்ணு உள்ளயேதான் நிக்கும், ஆனா அதுக்கு பின்னாடியே பார்வை நரம்பு இருக்குறதால கண்டபடி உள்ள போகவும் ஏலாது, அதனாலதான் இவ்வளவு பிளான்.

எனக்கு கோவம் வந்தது ஸ்கேன்லதான். முதல்ல எடுத்த தனியார் இடத்துல ஃபிலிம் மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க, பிளான் பண்ண 1 மில்லிமீட்டரோ அதவிட மெல்லிசாவோ வெட்டின சீடி ஸ்கேன், டைகொம் ஃபைலோட (கொம்பியூட்டர்ல திறக்குற ஸ்கேன் ஃபைல்) வேணும், அதனால திரும்ப காசு கட்டி திரும்ப எடுத்தோம். எங்க எடுத்தாலும் டிஸ்க்குல போட்டு தாங்கன்னு கேட்டு வாங்குங்க.

அரசாங்க ஆஸ்பத்திரி, ஒபரேஷனுக்கு காசு இல்ல, ஆளுக்குன்னு செய்யுற தகடுக்குத்தான் செலவு வரும். தசை வடுவாகியிருந்தா தகடு சரியா உக்கார்ந்தாலும் ரெண்டா தெரியுறது முழுசா போகாம இருக்கலாம்னும் முன்னாடியே சொல்லிட்டாரு, அந்த நேர்மை எனக்கு புடிச்சுது.

பிள்ளைங்க கண்ணுல அடிபட்டு, வெளிய வீக்கம் இல்லாட்டியும் மேல பார்க்க முடியாம வாந்தி எடுத்தா, அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க, தசை எலும்புக்கு இடையில மாட்டியிருக்கலாம்.