லேப்வியூ வேலையை வெளியில் கொடுக்கிறவர்கள் பாருங்கள்: சார்ட் அச்சில் லேபிளை ஒட்டிவிட்டுப் போனார்

கஞ்சிக்கோட்டில் மோட்டார் ரீவைண்டிங் செய்து டெஸ்ட் பண்ணிக் கொடுக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. மோட்டாரை ஓடவிட்டால் சூடு எப்படி ஏறுகிறது என்று காட்ட லேப்வியூவில் (கருவிகளின் அளவுகளைக் கணினியில் வாங்கிக் காட்டும் மென்பொருள்) ஒரு திரை இருந்தது, ஆனால் கீழே நேரத்துக்குப் பதில் 0, 100, 200 என்று வெறும் எண்கள், பக்கத்து அச்சுக்குப் பெயரே கிடையாது. இதைச் சரிசெய்ய வாளையாறுக்கு அந்தப் பக்கம் கோவையிலிருந்து ஒருவரைப் பிடித்து, 14,000 ரூபாய் பேசி, 10,000 முன்பணம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வந்து ஓட்டிக் காட்டினார். கீழே 10:00, 10:15, 10:30, இடப்பக்கம் 0 முதல் 100 வரை, மேலே ‘டெம்பரேச்சர்’. பளிச்சென்று இருந்தது. (தமிழில் ‘வெப்பநிலை’ என்று போட்டால் எங்கள் கணினியில் வெறும் கேள்விக்குறிகள்தான் வந்தன, அந்தப் பழியை அவர் தலையில் கட்ட மாட்டேன்.) மீதி 4,000-யும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன், புத்தி கெட்டவன்.

மறுநாள் சாயங்காலம் பொள்ளாச்சி கஸ்டமர் ஒருவர் வந்து நின்றபோது மணி நாலு, சார்ட்டில் 10:30. அதைவிட மோசம், கீழே உள்ள டிஜிட்டல் கட்டத்தில் 62 டிகிரி, சார்ட்டில் கோடு 50-க்கு நேராக. “இதுல எதுங்க நிசம்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. போன் போட்டால் “ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்” என்றார் நம்மாள்.

பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகள்தான் ஓட்டத்தை நிறுத்தி, எடிட் நிலையில் அந்த 10:30-ஐ மவுசால் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது. “மாமா, இது அச்சே இல்லீங்க, மேல ஒட்டின எழுத்துங்க” என்றாள். நிஜமான அச்சு இரண்டையும் மறைத்துவிட்டு மேலே தனித்தனி எழுத்துப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார். உள்ளே ஆட்டோஸ்கேல், அதாவது வரும் அளவுக்கேற்ப அச்சு தானே மாறும் வசதி, ஓடிக்கொண்டே இருந்ததால் அச்சு 30-லிருந்து 95 வரை தானாக மாறிவிட்டது, ஒட்டின எண்கள் மட்டும் அசையவில்லை.

மறைத்த நேர அச்சைத் திரும்ப வரவழைத்தால் அதில் 1904-ஆம் வருடம்! லேப்வியூ நேரத்தை 1904 ஜனவரி 1-லிருந்து நொடிக்கணக்கில் எண்ணும். 1986-இல் அது முதலில் வந்தது மேக்கின்டாஷுக்கு, அந்தக் கணக்கும் அங்கிருந்து வந்ததுதான். அச்சின் அமைப்பில், தொடங்கும் நேரத்தை ஆஃப்செட் என்ற இடத்திலும், எத்தனை நொடிக்கு ஒரு அளவு என்பதை மல்டிப்ளையர் என்ற இடத்திலும் கொடுத்திருந்தால் முடிந்தது. அது தெரியாமல் 1904-ஐப் பார்த்துப் பயந்து மூடியிருப்பார் போல. அச்சின் பெயரை ஓட்டத்திலேயே மாற்றவும் பிராப்பர்ட்டி நோடு என்று ஒரு வசதி லேப்வியூவிலேயே இருக்கிறது.

மறுபடி கூப்பிட்டுக் கேட்டதற்கு, “லேபிள் கேட்டீங்க, லேபிள் வெச்சுக் கொடுத்தேன்” என்றார். அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், மீதிப் பணத்துக்கு முன்னால் வேறு நேரத்தில் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள், ஆட்டோஸ்கேலை நிறுத்தி அச்சின் கடைசி எண்ணை அழித்து 200 என்று அடித்துப் பாருங்கள். நடுவில் உள்ள எண்களும் கூடவே மாற வேண்டும். ஓட்ட மட்டுமே முடிகிற எக்ஸி ஃபைலை மட்டும் வாங்காமல், திறந்து திருத்த முடிகிற மூல ஃபைலையும் வாங்கி வையுங்கள், எங்களிடம் அது இருந்ததால்தான் குட்டு உடைந்தது.

அக்கா மகள் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டாள். கூலி, பேக்கரியில் இரண்டு முட்டை பப்ஸும் ஒரு டீயும்.