திருச்சியிலிருந்து இரண்டு நாள்: சென்னையா, பெங்களூரா?

திருச்சிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னையும் பெங்களூரும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். 330, 340 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் சனிக்கிழமை விடியும் முன் இரண்டில் எந்த ஊரிலும் இறங்கிவிடலாம். அதனாலேயே நானும் என் கல்லூரித் தோழியும் ஒவ்வொரு முறையும் இதே கேள்வியில் வந்து நிற்கிறோம். அவளுக்குப் பெங்களூரின் குளிர் வேண்டும், எனக்குக் கடல் வேண்டும். இரண்டு ஊருக்கும் சேர்ந்து போய்வந்த பிறகு எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. அதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

முதலில் ரயிலைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. போகும்போதும் சரி, வரும்போதும் சரி, ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாக ஏறும் வண்டி அது. பெங்களூருக்கு மயிலாடுதுறை பக்கமிருந்து திருச்சி வழியாக மைசூரு போகும் வண்டி. போகும்போது அதிலும் குறையில்லை. திரும்பும்போதுதான் சிக்கல்: பெங்களூரில் மாலை ஏழு மணி வாக்கிலேயே புறப்பட்டுவிடும். ஐந்து மணிக்கே பையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். சென்னையில் அதே ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்திருக்கலாம். இரண்டே நாள் கையில் இருக்கும்போது நாலு மணி நேரம் பெரிய விஷயம்.

வந்தே பாரத் இருக்கிறதே என்பீர்கள். மதுரையிலிருந்து வரும் வண்டி காலை ஏழுக்குச் சற்று முன் திருச்சியைத் தொட்டு, பகல் ஒரு மணி வாக்கில் பெங்களூரு கண்டோன்மென்ட் போகிறது. சனிக்கிழமை பாதி வண்டியிலேயே போய்விடும். ஞாயிறு திரும்பும் வண்டியும் மதியமே கிளம்பிவிடும்.

ராத்திரி பஸ்ஸில் திரும்பலாம் என்று ஒருமுறை முயன்றோம். ஒரு தனியார் பஸ், ஒன்றரை மணி நேரம் தாமதம். சாலையோரத்தில் பையோடு நின்று, அப்புறம் சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து, ஓசூர் தாண்டும்போது தோழி, "இனிமே ரயில் இல்லன்னா நான் வரலைடி" என்று சொல்லிவிட்டாள். சென்னைக்கும் பஸ்ஸை நான் சொல்லமாட்டேன். 2023 டிசம்பர் இறுதியிலிருந்து தென்மாவட்டப் பஸ்கள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஊருக்குள் வருவதே தனிப் பயணம்.

ஊருக்குள் சுற்றுவதில் பெங்களூரு மெட்ரோ உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டியே மெஜஸ்டிக் மெட்ரோ நிலையம். பச்சைத் தடத்தில் போனால் காந்தி பஜாருக்குப் பக்கத்தில் நேஷனல் காலேஜ், அடுத்தது லால்பாக். ஊதாத் தடத்தில் கப்பன் பார்க், எம்.ஜி. ரோடு. நாங்கள் பார்க்க நினைத்தவை எல்லாம் இந்த இரண்டு கோட்டிலேயே அடங்கிவிட்டன. 2025 பிப்ரவரியில் கட்டணத்தை உயர்த்தி, உச்சக் கட்டணம் 90 ரூபாய் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தச் சாலைகளில் ஆட்டோவில் காத்துக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். சென்னையில் எழும்பூரில் மெட்ரோ உண்டு, ஆனால் மயிலாப்பூருக்கு இன்னும் இல்லை. வேலை நடக்கிறது, லஸ் பக்கமெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் பெண்களாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையில் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் நமக்குக் கட்டணம் இல்லை. எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. கர்நாடகத்தின் சக்தி திட்டமும் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். நாம் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும்.

சரி, போய் என்ன பார்ப்பது? பெங்களூரில் காலை ஆறு மணி லால்பாக்குக்கு ஈடு இல்லை. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், இப்போது 240 ஏக்கர். உள்ளே இருக்கும் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டு. மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்த எனக்குப் பாறை புதிதில்லை. ஆனாலும் அதன்மேல் நின்று, பனி விலகுவதைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரம் மனதில் நிற்கிறது. பக்கத்திலேயே 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம். இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அங்கே பிறந்ததுதான் ரவா இட்லி என்பார்கள். மாலையில் சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகள். நடுப்பகலில்கூட மரநிழலில் உட்கார்ந்து கதை பேசலாம் என்பது பெங்களூரின் பெரிய பலம். ஏப்ரல், மே என்றால் இதைவிட வேறு காரணமே வேண்டாம். அந்த மாதங்களில் அங்கேயே போங்கள்.

சென்னையில் நாள் வேறு மாதிரி நகர்கிறது. இருட்டு விலகும்வரை எழும்பூரில் பெண்கள் காத்திருப்பு அறையில் இருந்துவிட்டு, மெரினாவில் சூரியன் எழுவதைப் பார்த்தோம். அங்கிருந்து மயிலாப்பூர். நாலு மாட வீதி, தெப்பக்குளம், கபாலீசுவரர் கோயில், இட்லி, காபி, நடக்கும் தூரத்தில் சாந்தோம் தேவாலயம். எங்கேயும் வண்டி தேடவில்லை. நடந்துகொண்டே பேசினோம்.

வெயில் ஏறியதும் எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது, விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் வார இறுதிக்குத் தோது. வெண்கலக் கூடத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் என் தோழி வெகு நேரம் அசையாமல் நின்றாள். அவள் சீர்காழிப் பக்கத்துப் பெண். "எங்க ஊருக்குப் பக்கத்துல இருந்து வந்தவங்க, இவங்களைப் பார்க்க நான் இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கு பாரு" என்றாள். ஒருபக்கம் ஆணின் நிமிர்வு, மறுபக்கம் பெண்ணின் வளைவு, இரண்டும் ஒரே உடம்பில் ஒன்றையொன்று தள்ளாமல் இருக்கின்றன. எங்கள் காவிரிக்கரைக்காரர்கள் வார்த்தது. அதைப் பார்க்க மட்டுமே நான் இன்னொரு முறை சென்னைக்குப் போவேன்.

மார்கழியில் போனால் சபாக்களின் மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் வேண்டாம். கேன்டீனுக்கு யாரும் போகலாம். ஜனவரியில் புத்தகக் காட்சி. வெயில் குறைந்த மாதங்களும் இவைதான் என்பதால், குளிருக்காகப் பெங்களூரு என்னும் வாதம் அப்போது பாதி கரைந்துவிடுகிறது.

செலவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு ராத்திரிக்குத்தான் அறை, இரண்டு ஊரிலும் ரயில் நிலையத்தைச் சுற்றியே விடுதிகள் உண்டு. இரண்டு பெண்களுக்கு, வெளிச்சமான தெருவில் இருக்கிறதா என்று பார்த்துப் பிடிப்பது முக்கியம்.

அதனால் இரண்டே நாள் என்றால் என் ஓட்டு சென்னைக்கு. திங்களும் லீவு கிடைத்தால் பெங்களூரு. தோழியும் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்: ஜனவரியில் சென்னை, மே மாதம் மூன்று நாள் பெங்களூரு. ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. மலைக்கோட்டையில் வெள்ளிக்கிழமை இடங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். இரண்டு பேரும் முன்பதிவு திறக்கும் அன்றைக்குக் காலை எட்டு மணிக்குப் போனும் கையுமாக இருப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.