லிப்ராவா வேர்டா, யு போடுவதா விடுவதா: கல்லடிக் கடை மேசையிலிருந்து

கடைக்கு வருகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணா, இந்த லிப்ரா நல்லதா, வேர்ட் நல்லதா?" அதன் சரியான பெயர் லிப்ரேஓபிஸ், மைக்ரோசொப்ட் ஓபிஸைப்போலவே கடிதம், கணக்கு, பட்டியல் எல்லாம் அடிக்கும் மென்பொருள். துலாம் ராசிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் மட்டக்களப்பின் கல்லடியில் அது லிப்ராதான், திருத்துவதை நானும் விட்டுவிட்டேன். அதே பிள்ளைகள் அடுத்த நிமிடம், "ஆங்கிலத்தில கலர் என்று எழுதும்போது யு போட வேணுமா?" என்றும் கேட்பார்கள். தட்டச்சு, போட்டோக்கொப்பி, திட்ட அறிக்கை, கல்யாணக் கார்ட் என்று என் பிழைப்பு ஓடும் மேசைக்கு இந்த இரண்டு வழக்கும் ஒன்றாகவே வருவதால், தீர்ப்பையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் விலை. லிப்ரேஓபிஸுக்குக் காசில்லை, மைக்ரோசொப்ட் ஓபிஸுக்குக் காசு. வெளிநாட்டில் எழுதப்படும் ஒப்பீடுகள் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்கும். நம் ஊரில் அந்தப் பேச்சு இதே இடத்தில் முடிந்துவிடும். லப்டொப் வாங்கும்போதே விண்டோசும் ஓபிஸும் ஏற்றித்தான் கையில் தருகிறார்கள். உரிமத்தைப் பற்றி விற்கிறவர் சொல்வதில்லை, வாங்குகிறவர் கேட்பதில்லை. இந்த நிலையில் "இது இலவசம்" என்று லிப்ரேஓபிஸை நீட்டினால், "அதுவும் இலவசம்தானே அண்ணா" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு முன்னால் பல வருடம் வாயடைத்து நின்றிருக்கிறேன்.

இதில் பாதிப் பழி ஆங்கிலத்துக்கு. ஃப்ரீ என்ற ஒரே சொல் காசு கேட்காததையும் குறிக்கும், கட்டுப்படாததையும் குறிக்கும். யாரும் பகிரவும் மாற்றவும் கூடிய மென்பொருளுக்காக 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தான் சொல்வது விலையை அல்ல, சுதந்திரத்தை என்று விளக்கி விளக்கியே களைத்திருப்பார். பேச்சுச் சுதந்திரத்தை நினையுங்கள், ஓசி பியரை நினைக்காதீர்கள் என்பது அவருடைய பழைய உதாரணம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 1998இல் கிறிஸ்டின் பீட்டர்சன் 'ஓபன் சோர்ஸ்' (திறந்த மூலம்) என்ற பெயரை முன்வைத்தார். 2010இல் ஓபன்ஓபிஸ் என்ற மென்பொருளிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து வந்தபோது, தங்கள் மென்பொருளுக்குப் பெயர் வைக்க ஆங்கிலத்தின் ஃப்ரீயை நம்பாமல் பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் சுதந்திரமானது என்று பொருள்படும் 'லிப்ரே'யை எடுத்துக்கொண்டார்கள். ஆக, எங்கள் பிள்ளைகள் ராசி என்று நினைக்கும் அந்தப் பெயரே ஆங்கிலத்தின் ஒரு குறையால் வந்தது.

தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. காசில்லாதது இலவசம், கட்டில்லாதது கட்டற்றது. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது, இலவசக் கலைக்களஞ்சியம் என்று அல்ல. 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த விபுலானந்த அடிகளின் சமாதி என் கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு கிட்ட இருந்துகொண்டு நான் 'இலவச மென்பொருள்' என்றே சொல்லித் திரிந்தது வெட்கம்தான். பழியின் மற்றப் பாதி அது.

சரி, கட்டற்றது என்றால் கடை மேசையில் என்ன வித்தியாசம்? எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு வெள்ளம்.

2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணப் பட்டியல் ஒன்றைத் தட்டச்சுச் செய்யக் கொண்டுவந்தார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு இலக்கம். நம் ஊர் வீட்டு இலக்கங்கள் எப்படி என்று தெரியும்தானே: காணி பிரியப் பிரிய 3, 3/1, 3/12 என்று சரிவுக்கோடு போட்டு வளர்ந்துகொண்டே போகும். இரவோடு இரவாக எக்செலில் அடித்து முடித்துக் காலையில் பார்த்தால், 3/12இல் குடியிருந்த அம்மா மார்ச் 12இல் குடியிருக்கிறார். என் கொம்பியூட்டர் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தது. அமெரிக்கர்களுக்கு மாதம் முன்னால், நாள் பின்னால். பிரித்தானிய ஆங்கிலத்தில் வைத்திருந்தால் அதே அம்மா டிசம்பர் 3க்குக் குடிபெயர்ந்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். 113/2 போன்ற பெரிய இலக்கங்கள் மட்டும் தப்பின. திகதியாக மாறியதைத் திரும்ப எழுத்தாக்கினால் 45363 என்று வேறொரு எண் வந்து நிற்கிறது, ஏனென்றால் எக்செல் திகதியை உள்ளே நாள் கணக்காக வைத்திருக்கிறது. முழுப் பட்டியலையும் கைப்பிரதியோடு ஒப்பிட்டு மறுபடி அடித்தேன்.

இந்த விஷயத்தில் எக்செலுக்கு ஈடாக லிப்ரேஓபிஸில் இருக்கும் கல்க் யோக்கியமா? இல்லை, அதுவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் மொழி அமைப்புகளுக்குள் போனால், எந்த வடிவத்தில் அடித்தால் திகதியாக எடுத்துக்கொள்ளும் என்பது ஒரு சிறிய பெட்டியில் அப்படியே எழுதிக் கிடக்கிறது. வருடம் இல்லாத குறுகிய வடிவத்தை அந்தப் பெட்டியிலிருந்து அழித்துவிட்டேன். அன்றோடு 3/12 வீட்டு இலக்கமாகவே நிற்கிறது. எக்செலில் அடிக்கத் தொடங்கும் முன்பே அந்த நிரலை (கொலம்) எழுத்து வடிவத்துக்கு மாற்றிவைக்க வேண்டும், மறந்தால் போச்சு. நான் மறக்கிற ஆள். நிவாரணப் பட்டியல், வாக்காளர் விபரம், சங்க அங்கத்தவர் விபரம் எதுவானாலும் என் கடையில் இப்போது கல்க்தான்.

மனிதரின் மரபணு ஆய்வாளர்களுக்கும் இதே தொல்லை வந்திருக்கிறது. மார்ச், செப்ற் என்று தொடங்கும் மரபணுக் குறியீடுகளை எக்செல் திகதியாக்கிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் குழு 2020இல் அந்தக் குறியீடுகளையே மாற்றிவிட்டது. வீட்டு இலக்கத்தை மாற்றச் சொல்லி எங்கள் கிராம உத்தியோகத்தரிடம் போனால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

இனி யு விவகாரம். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் சங்கக் கடிதங்களை என்னிடம்தான் தருவார். ஒரு நாள் அச்சடித்த தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"தம்பி, யு எங்க போச்சு?"

"கொம்பியூட்டர் சிவப்புக் கோடு போடுது சேர்."

"கொம்பியூட்டருக்கு ஆர் படிப்பிச்சது?"

நல்ல கேள்வி. படிப்பித்தவர் அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் என்று சொல்லலாம். 1828இல் வெளிவந்த தன் அகராதியில் கலர் போன்ற சொற்களிலிருந்து யுவைக் கழித்தார், சென்டரின் வாலில் இருந்த ஆர், ஈ எழுத்துகளை இடம் மாற்றினார். அந்த எழுத்துமுறையோடுதான் பெரும்பாலான மென்பொருள் முதல் தடவை திறக்கிறது. மட்டக்களப்புக்கோ இரண்டு ஆங்கிலமும் பழைய பழக்கம். 1814இல் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார், அது பிரித்தானிய வழி. 1940களின் கடைசியில் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் வந்தார்கள். வெபர் மைதானம் அவர்களில் ஒருவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர்களிடம் கூடைப்பந்து பழகிய பரம்பரைகூட எழுத்துக்கூட்டலில் யுவை விடவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

என் தீர்ப்பு நேரானது. பாடசாலை, கந்தோர், நீதிமன்றம், சங்கம் என்றால் பிரித்தானிய எழுத்துமுறை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வேட்டோடு வரும் பிள்ளைகள் மேற்பார்வையாளர் சொன்னதைச் செய்யட்டும், ஆனால் ஒரே ஏட்டில் இரண்டையும் கலக்கக்கூடாது. வழிதவறுவது தொண்டு நிறுவன அறிக்கைகளில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்த மேசையில் அந்த அறிக்கைகள் மலையாகக் குவிந்தன. உலக உணவுத் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் புரோகிராம் என்பது பிரித்தானிய வால் முளைத்து நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் ஓர்கனைசேஷனுக்கு எஸ் இல்லை, இசட். அமெரிக்க முறை என்று நினைத்து நான் அதைத் 'திருத்தி' வாங்கிக் கட்டிக்கொண்டேன். இசட் போடுவது ஒக்ஸ்போர்ட் அகராதியின் வழக்கமும்தான், ஐக்கிய நாடுகள் சபை அதைத்தான் பின்பற்றுகிறது. அன்றிலிருந்து நிறுவனங்களின் பெயர்களில் கை வைப்பதில்லை.

இந்த வழக்கில் மென்பொருள்களுக்குள் பெரிய போட்டி இல்லை. இரண்டிலும் கீழ்ப்பட்டியில் மொழியின் பெயர் தெரியும், சொடுக்கி மாற்றலாம். லிப்ரேஓபிஸின் ஆங்கிலத்தில் பிரித்தானியம், அமெரிக்கம், கனேடியம், அவுஸ்திரேலியம், தென்னாபிரிக்கம் என்று ஐந்து வகை உண்டு. அதன் எழுத்துப்பிழை திருத்தியான ஹன்ஸ்பெல் முதலில் ஹங்கேரிய மொழிக்காக எழுதப்பட்டது. அதுவும் நம் மொழியைப்போல ஒரு சொல்லுக்குப் பின்னால் விகுதிகளைக் கோத்துக்கொண்டே போகிற மொழி. ஆங்கிலம் அந்தத் திருத்திக்குச் சின்ன வேலை.

ஆனால் இரண்டும் சேர்ந்து தோற்கும் ஓர் இடம் இருக்கிறது, பாமினி. பாமினி எழுத்துருவில் அடிக்கும்போது திரையில் தெரிவது தமிழ், கொம்பியூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. நாம் அம்மா என்று அடித்தால் அதற்குக் கிடைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது ஆங்கிலத்தின் பழக்கம், அதை வேர்டும் லிப்ரேஓபிஸும் கேட்காமலே செய்துதரும். பாமினியில் சிறிய எம் அகரம், பெரிய எம் ஆகாரம். ஒரு கல்யாணக் கார்ட் 'ஆன்புடையீர்' என்று தொடங்கி அச்சாகிவிட்டது. பெண் வீட்டார் நல்லவர்கள், சிரித்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார்கள். தாள் செலவு என் தலையில். சிங்களத்துக்கும் தமிழுக்கும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாதபோது ஆங்கிலத்தின் அந்தப் பழக்கம் தமிழ்க் கார்டுக்குள் வந்து கை வைத்துவிட்டது. இப்போது எந்தக் கொம்பியூட்டரில் உட்கார்ந்தாலும் முதலில் அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுவேன். தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யுனிகோடில் அடித்தால் இந்தப் பிரச்சினை அடியோடு இல்லை. விரல் பாமினிக்குப் பழகிவிட்டது என்பவர்களுக்கு எ-கலப்பை என்ற தட்டச்சுச் செயலி இருக்கிறது, அதே விசைகளில் யுனிகோட் வரும்.

வேர்ட் வெல்லும் இடத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கட்சிக்காரன் என்பார்கள். வெளியிலிருந்து வேர்டில் வந்து, வேர்டிலேயே திரும்பிப் போகவேண்டிய பைல் என்றால் நான் லிப்ரேஓபிஸைத் தொடுவதில்லை. கலிப்ரிக்குப் பதிலாகக் கார்லிட்டோ, டைம்ஸுக்குப் பதிலாக லிபரேஷன் என்று அதே அகலத்தில் ஆங்கில எழுத்துருக்கள் உள்ளன, அதனால் ஆங்கிலப் பக்கம் அதிகம் அசையாது. தமிழுக்கு அந்த வசதி கிடையாது. விண்டோசின் தமிழ் எழுத்துருக்களான லதாவிலோ நிர்மலாவிலோ அடித்த பக்கத்தை, விண்டோசுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரி உடையும், அட்டவணை அடுத்த பக்கத்துக்குச் சரியும். அப்புறம், லிப்ரேஓபிஸின் பாணிகளில் (ஸ்டைல்) தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்தளவைத் தனித்தனியே வைக்கவேண்டும். ஆங்கிலம் 12இல் நிற்கும், தமிழ் வேறெங்கோ நிற்கும். புதிதாக வருபவர்கள் பத்து நிமிடத்தில் வெறுத்துப்போவது இதனால்தான், அவர்கள் மேல் பிழையில்லை.

பழைய லப்டொப் என்றால் பேச்சே வேறு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. 11க்குப் போக ரீபீஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஊரில் இருக்கும் பழைய பெட்டிகள் பலவற்றில் அது இல்லை. காத்தான்குடியிலிருந்து வரும் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் கடைக் கணக்கு எழுதும் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். லினக்ஸ் மின்ற் போட்டுக் கொடுத்தேன், லிப்ரேஓபிஸும் அதோடு வந்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, இதுல பாமினி வருமா?" வரும் காக்கா என்றேன். அது வெறும் எழுத்துரு, எங்கும் போடலாம். பெரிய எழுத்துச் சேட்டையையும் அப்போதே நிறுத்திக் கொடுத்தேன். இப்போது யுனிகோடுக்கு மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, என் கடையில் இரண்டும் இருக்கின்றன. பட்டியல், கணக்கு, நானே தொடங்கி நானே அச்சடிக்கும் வேலை எல்லாம் லிப்ரேஓபிஸில். மற்றவர்களுக்குத் திருப்பி அனுப்பவேண்டியவை வேர்டில், அதற்கு மட்டும் ஓர் உரிமம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். எழுத்துமுறை இரண்டிலும் பிரித்தானியம். கடைப் பலகை மட்டும் விதிவிலக்கு. பெயின்ற் அடித்த தம்பி சென்டரை வெப்ஸ்டரின் வழியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். சேர் கடைக்குள் நுழையும் முன் ஒவ்வொரு தடவையும் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், நான் தாளை அடுக்குவதுபோல் குனிந்துகொள்வேன்.