பூட் கிழிந்ததாகச் சொல்லி ஆக்ஸிலையே மாற்றினார்கள்: 8,400 ரூபாய் போன கதை

கார் வைத்திருக்கிறவர்கள், அதிலும் வாரன்டி முடிந்து வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் விடுகிறவர்கள், இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இந்த வேலையைச் செய்கிற கடை அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்னுடையது 2013 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2025 பொங்கலுக்கு முந்தின வாரம் ஆயில் மாற்ற மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். தெரிந்தவர் சொன்ன இடம், பார்க்கவும் சுத்தமாக இருந்தது. காலையில் விட்டுவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். பதினொன்றரை வாக்கில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. முன் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு கறுப்பு ரப்பர், அதில் ஒரு கிழிசல், கிழிசல் வழியாகக் கறுப்புக் கிரீஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே போன்.

“சார், டிரைவர் சைடு ஆக்ஸில் பூட் கிழிஞ்சிருச்சு. இப்படியே ஓட்டுனீங்கன்னா நடுரோட்டுல வீல் லாக் ஆகிரும். ஃபேமிலியோட போற வண்டி, பாத்துக்கங்க.”

ஆக்ஸில் என்பது கியர் பாக்ஸிலிருந்து முன் சக்கரத்தைச் சுற்ற வைக்கிற தண்டு. அதன் இரண்டு முனையிலும் ஒரு ஜாயின்ட் இருக்கும். அந்த ஜாயின்ட்டின் கிரீஸ் வெளியே போகாமல், மண் உள்ளே புகாமல் மூடியிருக்கிற ரப்பர் உறைதான் பூட். அந்த ‘ஃபேமிலி’ என்ற ஒரு வார்த்தை போதும், நம்மை மடக்கிவிடலாம். பூட்டை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டேன். “அதெல்லாம் அந்தக் காலத்து வண்டிக்கு சார். இப்ப கம்பெனியே செட்டாத்தான் குடுக்குது” என்றார். சரி என்றேன். ஆக்ஸில் 7,200, லேபர் 1,200. பில் போட்டால் ஸ்பேருக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், வேண்டாமே என்றார்கள். (அப்போது 28. அந்த செப்டம்பரில்தான் 18 ஆனது.) அதற்கும் சரி என்றேன். என் முட்டாள்தனத்தில் பெரிய பங்கு அந்த இரண்டாவது சரிக்குத்தான். பழைய ஆக்ஸில் எங்கே என்றதற்கு, அதை எக்ஸ்சேஞ்ச் போட்டதால்தான் இந்த ரேட்டுக்கு வந்தது என்றார்கள். ஆயில் காசை அங்கேயே கொடுத்துவிட்டு, இந்த 8,400 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். போன பெயர் கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு ஆளின் பெயர். கையில் கிடைத்தது, ‘ஆக்ஸில் வேலை 8,400’ என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதிய துண்டுச் சீட்டு.

மார்ச்சில் கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், இடது பக்கம் முழுசாக ஒடிக்கிற ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டக்... டக்... டக்... என்று ஒரு சத்தம். டிக்கியில் சாமான் உருளுகிறது என்று நினைத்தேன். வண்டியை நிறுத்திப் பைகளை நெருக்கி வைத்தும் பார்த்தேன். “சத்தம் டிக்கியில இல்ல, உங்க காலுக்குக் கீழ இருந்து வருது” என்றாள் மனைவி. நேர் ரோட்டில் சத்தமே இல்லை. ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மட்டும் வந்தது. மெதுவாக ஓட்டி எப்படியோ ஊர் திரும்பினோம்.

கொள்ளை கொடுத்த இடத்துக்கே மறுபடி போக மனசு வரவில்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர் முப்பது வருஷமாக மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு பாயிடம் அனுப்பினார். தகரக் கொட்டகை, லிஃப்ட் கிடையாது, ஜாக்கியும் ஸ்டாண்டும்தான். பாய் சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் ஆக்ஸிலைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத் திருப்பி ரிம்மின் உள்பக்கத்தைக் காட்டினார். சுற்றி முழுக்கக் கிரீஸ், சுழற்றி அடித்த மாதிரி கோடு கோடாக. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற இரும்புக் கையான லோயர் ஆர்மிலும் அதே.

“பூட் விட்டுப்போய் வண்டி ஓடுனா இப்படித்தான் தம்பி இருக்கும். சக்கரம் சுத்துற வேகத்துக்கு கிரீஸ் சும்மா சொட்டாது, வீசியடிக்கும்.”

இரண்டு மாதம் முன்பு மாற்றிய ‘புது’ ஆக்ஸிலில் பூட் கிழியவே இல்லை. சின்ன பக்கத்தில் இரும்புக் கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் எலக்ட்ரிக் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை போட்டிருந்தார்கள். அது நழுவி, பூட் அங்கே வாயைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே மிச்சமிருந்த கிரீஸ் மஞ்சள் நிறம். இந்த ஜாயின்ட்டுக்குப் போட வேண்டியது மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ். பாய் ஆக்ஸில் தண்டின் மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். கறுப்புப் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது, அடியில் துரு. ஜாயின்ட்டைத் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார். சக்கரத்தை ஒட்டிய வெளிப்பக்க ஜாயின்ட்டில் ஆறு எஃகுக் குண்டுகள் தங்கள் பள்ளங்களில் உருள வேண்டும். அந்தப் பள்ளங்களில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. டக் டக் சத்தம் அங்கேயிருந்துதான். யாரோ கழற்றிப் போட்ட சரக்குக்குப் பெயின்ட் அடித்து என் வண்டியில் மாட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, கழற்றும்போது கம்பியை விட்டு நெம்பியதில் கியர் பாக்ஸ் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ஆயில் சீலின் உதடு வெட்டுப்பட்டு, அங்கேயும் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சும்மா பேச்சுவாக்கில், ஜனவரியில் அவர்கள் அனுப்பிய அந்த போட்டோவைக் காட்டினேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தார்.

“ரிம்மப் பாருங்க. கிரீஸ் இருக்கா?”

இல்லை. ரிம்மின் உள்பக்கம் காய்ந்த மண் தூசி. லோயர் ஆர்மிலும் தூசிதான். கிரீஸ் இருந்த ஒரே இடம் அந்தக் கிழிசலின் வாய். அப்புறம் கிழிசலைக் காட்டினார். பூட் என்பது கொல்லன் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். வயசாகி வெடித்தால் மடிப்பின் அடிப்பள்ளத்தில், வளையத்தோடு வளையமாகத்தான் பெரும்பாலும் வெடிக்கும். இரண்டு வெடிப்புக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாகப் பத்து வெடிப்பு தெரியும். என் போட்டோவில் இருந்ததோ மூன்று மடிப்பைக் குறுக்கே தாண்டிய ஒரே நேர்கோடு. விளிம்பு கூர்மையாக இருந்தது, சுற்றியிருந்த ரப்பரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“பிளேடுன்னு நான் சொல்ல மாட்டேன், நான் பாக்கல” என்றார் பாய். நானும் சத்தியம் பண்ணிச் சொல்லவில்லை. ஆனால் கிழிந்த பூட்டோடு அந்த வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது என்பது மட்டும் அந்தப் படத்திலேயே தெரிகிறது. எனக்கு விற்பதற்காக அவர்களே எடுத்து அனுப்பிய படம். இரண்டு மாதமாக என் போனிலேயே இருந்திருக்கிறது, பார்க்கத்தான் தெரியவில்லை.

கணக்கைக் கேளுங்கள். பாயை விட்டுவிட்டு நானே ஸ்பேர் கடைக்குப் போய் என் வண்டிக்குப் பூட் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். ‘செட்டாத்தான் வரும்’ என்று அவர்கள் சொன்ன அதே வண்டிக்கு, கிட் 640 ரூபாய் என்று எடுத்து வைத்தார் கடைக்காரர். ரப்பர், இரண்டு கிளிப், அளவாகப் பாக்கெட்டில் அடைத்த கறுப்புக் கிரீஸ், எல்லாம் சேர்த்து. மாட்டுகிற கூலி எண்ணூறு, ஆயிரம். உண்மையிலேயே கிழிந்திருந்தாலும் ஆயிரத்து எழுநூறுக்குள் முடிந்திருக்கும். இப்போது ஜாயின்ட்டே போய்விட்டதால் பூட் மாற்றிப் புண்ணியமில்லை, நிஜமான புது ஆக்ஸில் ஒன்று வாங்கத்தான் வேண்டியிருந்தது. அட்டைப்பெட்டி, எம்ஆர்பி லேபிள், பில், மூன்றும் என் கையில் வந்த பிறகுதான் காசு கொடுத்தேன். சீல், கியர் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 9,300. ஒரு குறையும் இல்லாத என் சொந்த ஆக்ஸில் இந்நேரம் புதுப் பூட் போட்டு, பெயின்ட் அடித்து, யாரோ ஒருத்தர் வண்டியில் 7,200 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பாயிடம் உட்கார்ந்து கேட்டதில் உங்களுக்கு உதவக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். பூட் கிழிந்தது என்று யாராவது சொன்னால் உடனே சத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வட்டம் அடியுங்கள், இரண்டு பக்கமும். சத்தம் இல்லை, கிழிந்தும் ரொம்ப நாள் ஆகவில்லை என்றால் அநேகமாகப் பூட் மட்டும் மாற்றினால் போதும். பழைய கிரீஸை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மண் நெருநெருத்தால் ஜாயின்ட்டை முழுசாகக் கழுவி, உள்ளே அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். டக் டக் கேட்க ஆரம்பித்துவிட்டதா, அப்போது ஆக்ஸில் மாற்ற வேண்டும் என்று சொல்கிற மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஒடிக்கும்போது ஒன்றுமில்லாமல் நேர் ரோட்டில் வேகம் கூட்டும்போது மட்டும் வண்டி உதறினால் கியர் பாக்ஸ் பக்கத்து ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

‘வீல் லாக் ஆகும்’ பயமுறுத்தலுக்கும் பாயிடம் பதில் இருந்தது. பூட் கிழிந்த அன்றைக்கே ஒன்றும் ஆகாது. தண்ணீரும் மண்ணும் புகுந்து ஜாயின்ட் தேய நாளாகும். கவனிக்காமலே விட்டு அது முறிந்துவிட்டால், பெரும்பாலும் இன்ஜின் ஓடும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. அதற்காக ஆறப்போடவும் கூடாது. மழைக்காலத்தில் சீக்கிரமே கெட்டுவிடும். அந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள். ஆனால் போனிலேயே சரி சொல்லாதீர்கள். அரை நாள் லீவு போட்டாவது நேரில் போய், சக்கரத்தைக் கழற்றிய நிலையில் ரிம்மையும் கிழிசலையும் உங்கள் கண்ணால் பாருங்கள். கழற்றிய சாமான் கண்டிப்பாக உங்கள் கைக்கு வர வேண்டும், எக்ஸ்சேஞ்ச் கதையெல்லாம் கேட்காதீர்கள். வேலை முடிந்ததும் பூட்டின் இரண்டு முனையிலும் இரும்புக் கிளிப் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய ஒர்க்‌ஷாப்புக்கும் ஒரு நாள் போனேன். “மலை ரோட்டுல ஓட்டிட்டு வந்து கேக்குறீங்களே சார்” என்றார் ஓனர். முந்தி பேசியபோது இருந்த பணிவு எங்கேயோ போயிருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். போடுகிற உத்தேசத்தில்தான் இருக்கிறேன். என்னிடம் உள்ள சாட்சி அந்த துண்டுச் சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர்களே அனுப்பிய போட்டோ. அப்புறம் அந்தப் பெயின்ட் அடித்த ஆக்ஸில். அது சாக்கில் சுற்றி எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. போன வாரம் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார். பிளாஸ்டிக் டையோடு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.