நன்னாரியா, மாகாளியா?

நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் கேட்டேன். கட்டைவிரல் பருமனில் உலர்ந்த துண்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். முகர்ந்தால் அசல் நன்னாரி வாசம். பிரித்துப் பார்த்தால் மாகாளிக் கிழங்கு.

இதில் மூக்கை நம்பிப் பயனில்லை. இரண்டுக்கும் மணம் தருவது பெரும்பாலும் ஒரே பொருள், வனிலாவின் மணப்பொருளுக்கு நெருங்கிய உறவு. கண்தான் காப்பாற்றும். நன்னாரி வேர் கம்பிபோல் ஒல்லி, கோணல்மாணலாக ஓடும், பழுப்புப் பட்டையில் குறுக்கே வெடிப்புகள் தெரியும். பட்டையை உரித்தால் உள்ளே கட்டையான நரம்பு. மணம் பட்டையோடு போய்விடும். மாகாளி சதைப்பிடிப்பான கிழங்கு. பாறைச் சரிவுக் காடுகளில் படரும் இந்தக் கொடி தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

மருந்தென்றால் எனக்கு நன்னாரிதான். உடல் சூடு, நீர்க்கடுப்பு, சொறி சிரங்கு ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவம் சொல்வது அதைத்தான். மாகாளியைப் பெருநன்னாரி என்று சொல்லி அதற்குப் பதிலாகச் சேர்ப்பவர்கள் உண்டு. வாசம் ஒன்று என்பதால் குணமும் ஒன்றாகிவிடுமா என்ன?

சர்பத்தில் போட்டி கடுமை. மாகாளியில் சதை அதிகம், கொஞ்சம் போட்டாலே மணக்கும். ராயலசீமைப் பக்கம் நன்னாரி சர்பத்துக்கு இந்தக் கிழங்கையே பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் நான் நன்னாரியையே இடிக்கிறேன். கொதிநீரை ஊற்றி, மூடி, இரவு முழுக்க ஊறவிட்டு, வடிகட்டிச் சர்க்கரைப் பாகில் கலக்க வேண்டும். வேரைப் போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

ஊறுகாய் என்று வந்துவிட்டால் நன்னாரிக்கு இடமே இல்லை. மாகாளியை ஊறவைத்து மண் போகக் கழுவி, தோல் சீவி, நடு நரம்பை எடுத்துவிட்டு நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் கடுகுப்பொடியும் கலந்த மோரில் போடுவார்கள். முதல்முறை முகர்பவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்று முகம் சுளிப்பார்கள். பழகியவர்களுக்கோ அது இல்லாமல் தயிர்சாதம் இறங்காது. நான் இரண்டாவது கட்சி.

எனக்கு உறுத்துவது இன்னொன்றும் உண்டு. நன்னாரி வேலியோரத்திலும் வளரும். வெள்ளை வரியோடிய இலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மாகாளியைக் கிழங்குக்காகத் தோண்டினால் பெரும்பாலும் கொடியே போய்விடுகிறது. காட்டில் அது அருகிவருகிறது. அதனால் ஊறுகாய்க்கு மட்டும் வருடத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ வாங்குகிறேன். அன்றைய பொட்டலத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.