தண்டையார்பேட்டையிலிருந்து பெங்களூரு: விமானமா, ரயிலா?

சென்னை – பெங்களூரு விமான தூரம் சுமார் 270 கி.மீ. தண்டவாளத்தில் போனால் 360 கி.மீ. ஆகிறது. தூரமும் குறைவு, பறந்து வேறு போகிறோம், அப்புறம் ரயில் எதற்கு என்றுதான் முதலில் தோன்றும்.

அந்த 270 என்பது இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே உள்ள நேர்கோட்டு அளவு. மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்துப் பார்த்தால் இருபதே நிமிடம்! ஆனால் இவ்வளவு கிட்டத்தில் உள்ள ஊருக்கு விமானம் மேலே ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பிக்க வேண்டும். முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்கள்தான். மீனம்பாக்கத்தில் கடல்காற்று அடிக்கும் நேரத்தில் கிழக்கு நோக்கிக் கிளம்பி, பிறகுதான் மேற்கே திரும்பும். ஆக, வானத்தில் 40 நிமிடம் போல ஆகிவிடும். ஓடுபாதைவரை ஊர்ந்து போகும் நேரத்தையும் சேர்த்து டிக்கெட்டில் ஒரு மணி நேரம், சில சமயம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார்கள்.

வடசென்னைக்காரருக்கு அதுவும் பாதிக் கணக்குதான். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர்வரை வந்ததால், தண்டையார்பேட்டையில் ஏறினால் மாறாமல் ஏர்போர்ட்டில் இறங்கலாம். ஆனாலும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். செக்-இன் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுவார்கள். அதனால் இன்னும் சீக்கிரம் போயாக வேண்டும். அந்தப் பக்கம் இறங்குவதோ தேவனஹள்ளியில். அங்கிருந்து நகரத்தின் நடுவே உள்ள மெஜஸ்டிக் 35 கி.மீ.; வாயு வஜ்ரா பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குமேல். வாசலுக்கு வாசல் ஐந்து மணி நேரம் ஓடிவிடும்.

ரயிலுக்கு, சென்ட்ரல்வரை மெட்ரோவில் கால் மணி நேரம்தான். காலை 5.50 வந்தே பாரத் சுமார் நாலரை மணி நேரத்தில் மெஜஸ்டிக்கை ஒட்டிய ஸ்டேஷனிலேயே இறக்கிவிடும். மொத்தத்தில் அதுவும் ஐந்து மணி நேரம்தான். ஒரே வித்தியாசம், ரயிலில் அவ்வளவு நேரமும் ஒரே இருக்கை. பையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நிற்க வேண்டாம். என் ஓட்டு ரயிலுக்கே. விடியற்காலை மெட்ரோவை மட்டும் நம்பாதீர்கள்; 5 மணிக்குத்தான் தொடங்கும், ஆட்டோ பேசி வைப்பது நல்லது.

மழைக்காலத்தில் இரண்டுமே காலை வாரும். பேசின் பிரிட்ஜ் – வியாசர்பாடி பாலத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரல் ரயில்கள் ரத்தாகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் விமான நிலையத்தையும் மூடினார்கள்.

வேலை எலஹங்கா, ஹெப்பால் பக்கம் என்றால் சரி, விமானத்தில் போங்கள். அந்த இடங்கள் தேவனஹள்ளியிலிருந்து வரும் வழியிலேயே இருக்கின்றன. டெல்லி என்றால் யோசிக்கவே வேண்டாம்: ரயிலில் 2,180 கி.மீ., ஒன்றரை நாள் போல; விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள். அங்கே மீனம்பாக்கம்வரை போகும் ஒரு மணி நேரம் பெரிதாகத் தெரியாது.